எடிசன் என்னும் பட்டமும் ஜி.டி.நாயுடு என்னும் மனிதரும்

நீள்பதிவு. அறிவியல் வரலாறும் தொழில் வரலாறும் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது. மற்றவர்களும் பொறுமையிருந்தால் வாசிக்கலாம்.

சென்ற மாதம் பிச்சாட்டூரில், விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்த கல்லூரி மாணவர் நால்வருடன் அமர்ந்து ஓர் ஆவணப்படம் பார்த்தேன். அலெக்ஸ் கிப்னி இயக்கி 2019இல் வெளிவந்த ‘தி இன்வென்ட்டர்’. எலிசபெத் ஹோம்ஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணியைப் பற்றியது. பத்தொன்பது வயதில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் படிப்பை விட்டு விலகி, 2003இல் தெரனோஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியவர். விரல் நுனியில் எடுக்கும் சில துளிக் குருதியைக் கொண்டே எண்ணற்ற நோய்ச் சோதனைகளைச் செய்துவிடும் சிறு பெட்டி ஒன்றைத் தாம் படைத்துவிட்டதாக உலகை நம்பவைத்தார். ஒரு கட்டத்தில் அந்த நிறுவனத்தின் மதிப்பு 900 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது. அந்தப் பெட்டி சொன்னபடி வேலை செய்யவில்லை. 2015 அக்டோபரில் வால் ஸ்டிரீட் ஜர்னல் இதழாளர் ஜான் கேரிரூ அதனை வெளிக்கொணர்ந்தார். 2022இல் நீதிமன்றம் ஹோம்ஸைக் குற்றவாளி எனத் தீர்த்துச் சிறைத்தண்டனை விதித்தது. அந்தப் பெட்டிக்கு அவர் வைத்திருந்த பெயர் ‘எடிசன்’.

அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு கிப்னி, தாமஸ் எடிசனிடமே செல்கிறார். படத்தில் எனக்கு வலிமையாகப் பட்ட பகுதி அதுதான். மின்விளக்குச் சிக்கலைத் தாம் தீர்த்துவிட்டதாக 1878ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்திலேயே எடிசன் செய்தித்தாள்களிடம் கூறிவிட்டார். அதை நம்பி முதலீட்டாளர்கள் பணம் போட்டனர், நிறுவனமும் பதிவாயிற்று. நின்று எரியும் விளக்கு அவர் கைக்கு வந்ததோ 1879 அக்டோபரில். இடைப்பட்ட ஓராண்டுக் காலம் எடிசன் உலகத்துக்குச் சொன்னது உண்மையன்று, நம்பிக்கை மட்டுமே. அந்த நம்பிக்கை பலித்ததால் அவர் மேதை ஆனார். பலிக்காதவர்களுக்கு வேறு பெயர்.

படம் முடிந்ததும், திருப்பதியில் பொறியியல் பயிலும் மாணவி ஒருவர் கேட்டார்: “அண்ணா, நம்ம ஜி.டி.நாயுடுவையும் ‘இந்தியாவின் எடிசன்’னுதானே சொல்றோம்? அப்போ அது பாராட்டா, குறையா?”

அன்றிரவு நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. ஆகவே இந்தப் பதிவு.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஹோம்ஸையும் நாயுடுவையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று. முன்னவரின் பெட்டி வேலை செய்யவில்லை. பின்னவரின் பேருந்துகள் ஓடின. நான் கடன் வாங்குவது கிப்னியின் கேள்வியை மட்டுமே. அவர் 2015இல் ஸ்டீவ் ஜாப்ஸைப் பற்றி எடுத்த ஆவணப்படம், ஜாப்ஸ் இறந்தபோது அவரை ஒரு முறைகூடச் சந்தித்திராதவர்கள் ஏன் அழுதார்கள் என்ற வியப்பில் தொடங்கும். ஜாப்ஸ் தம் நண்பர் வாஸ்னியாக்குக்குச் சேர வேண்டிய பங்கை மறைத்ததும், தம் மகளை நெடுங்காலம் ஏற்க மறுத்ததும், சீனத் தொழிற்கூடங்களில் தொழிலாளர் தற்கொலை செய்துகொண்டதும் அந்தப் படத்தில் பேசப்படுகின்றன. ஆயினும் அதன் குறி ஜாப்ஸ் அல்லர். அவரை அப்படி வேண்டிய மக்களே. நாயுடுவைப் பற்றியும் அப்படிக் கேட்கலாம்: தமிழ்ச் சமூகத்துக்கு ஏன் ஓர் எடிசன் தேவைப்பட்டார்? அந்தத் தேவை எதை எடுத்துக்கொண்டு எதை விட்டுவிட்டது?

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் நாள் கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில், தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட வேளாண் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிப்படிப்பு தொடக்க வகுப்புகளைத் தாண்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, கோவையில் உணவு விடுதி ஒன்றில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதே வண்டியை வாங்கிப் பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டார் என்பது எல்லோரும் அறிந்த கதை. சேர்த்த தொகை மட்டும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். பின்பு பஞ்சு வாணிகத்தில் ஈட்டினார், பம்பாயில் இழந்தார். 1920இல், கோவையின் ஆலை முதலாளியான ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியுடன் ஒரு பேருந்து வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். நாயுடுவைப் பற்றிய நூல்களும் மேடைப் பேச்சுகளும் பேருந்தை ஒரு பத்தியில் கடந்துவிட்டு, மின்சவரக் கத்திக்கு ஓடிவிடுகின்றன. என் கருத்தில் அவருடைய வாழ்க்கையின் நடுத்தூண் அந்தப் பேருந்துதான். 1920களின் மோட்டார் பேருந்து எப்படிப்பட்டது என்று எண்ணிப் பாருங்கள். வண்டி நிறைந்தால்தான் புறப்படும். வழியில் நின்றால் எப்போது கிளம்பும் என்பது ஓட்டுநருக்கே தெரியாது. கட்டணம் பேரத்துக்கு உட்பட்டது. ஒரே தடத்தில் இருவர் வண்டி ஓட்டினால், பயணியின் கையைப் பிடித்து இழுப்பார்கள். உதிரி உறுப்புகள் கடல் கடந்து வர வேண்டும். சட்டப்படியான தட அனுமதி முறை 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பின்னரே நிலைபெற்றது. இந்தச் சூழலில் ஒற்றைப் பேருந்தில் தொடங்கிய யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், யு.எம்.எஸ். என்ற மூன்றெழுத்தால் கொங்கு நாடெங்கும் அறியப்பட்ட பெரும் நிறுவனமாக வளர்ந்தது. குறித்த நேரத்தில் வண்டி, பயணச்சீட்டு, தன் பழுதுபார்ப்புப் பட்டறை, அதில் பழகிய ஆட்கள் என்று ஒன்றையொன்று தாங்கும் ஓர் ஒழுங்கு அதில் இருந்தது.

நேரம் என்பதை உழவர் சமூகத்தின் அன்றாடத்துக்குள் கொண்டுவந்தவற்றுள் இருப்புப்பாதைக்கு அடுத்தது இத்தகைய பேருந்துகளே. பழனிக்குச் செல்லும் அடியவரும், சந்தைக்குப் பருத்தி கொண்டுபோகும் விவசாயியும், வழக்குக்குப் போகும் கட்சிக்காரரும் ஒரே கடிகாரத்தைப் பார்த்தனர். (ஊத்துக்கோட்டையிலிருந்து நாகலாபுரம் வழியே எங்கள் ஊருக்குக் கடைசி வண்டியை எதிர்பார்த்து நின்றவர்களுக்கு, சொன்ன நேரத்துக்கு வரும் பேருந்து எத்தகைய கண்டுபிடிப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.) இதற்குக் காப்புரிமை கிடையாது. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டவும் இயலாது. ஆகவே இது ‘கண்டுபிடிப்பு’ எனக் கணக்கில் வரவில்லை.

ஒப்புநோக்க ஒருவர் இருக்கிறார். டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கியவர். டி.வி.எஸ். வண்டியைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்தலாம் என்பது பாண்டி நாட்டில் வழக்குமொழியாகவே இருந்தது. அவரை யாரும் எடிசன் என்று அழைக்கவில்லை. அவர் தோற்றுவித்தது தலைமுறைகள் தாண்டி நின்றது. நாயுடுவுக்குப் பட்டம் கிடைத்தது. 1972இல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவாகிச் சேரன் கழகம் கோவைத் தடங்களில் ஓடத் தொடங்கிய பின், யு.எம்.எஸ். முதியவர்களின் பேச்சில் மட்டும் எஞ்சியது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாட்டுடைமையாக்கம் ஒன்றைக் கொண்டே விளக்கிவிட முடியாது; டி.வி.எஸ்ஸும் தன் பேருந்துகளை இழந்ததுதான். ஆனால் அதற்குள் அது உதிரி உறுப்பு உற்பத்தி, விற்பனை எனப் பல கைகளில் பரவியிருந்தது. நாயுடுவின் முயற்சிகள் பெரும்பாலும் நாயுடுவையே அச்சாகக் கொண்டு சுழன்றன. 1944இல் அவர் மோட்டார் தொழிலிலிருந்து ஒதுங்கிக்கொண்டபோது, அடுத்து எதில் ஈடுபடுவது என்பதும் அவருடைய ஆர்வத்தைப் பொறுத்ததாகவே இருந்தது.

இனிப் பட்டத்துக்கு வருவோம். எடிசனின் பெயரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகள் உள்ளன. அவற்றை அவர் தனி அறையில் அமர்ந்து பெறவில்லை. 1876இல் மென்லோ பார்க்கில் அவர் அமைத்த ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் பேச்சிலர் போன்ற கைவினைஞர்களும் ஃபிரான்சிஸ் அப்டன் போன்ற கணித வல்லுநர்களும் இரவு பகலாக உழைத்தனர். விளக்கைவிட, அந்தக் கூட்டு உழைப்பை அமைத்த முறையே எடிசனின் பெரும் படைப்பு என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். இந்தப் பொருளில் நாயுடுவை எடிசன் என்று அழைத்தால் எனக்கு மறுப்பில்லை. பட்டம் கொடுத்தவர்கள் அந்தப் பொருளில் கொடுக்கவில்லை. ஒருவரே ஆயிரம் பொருள்களைத் தம் மூளையிலிருந்து எடுத்துப் போட்டார் என்ற பொருளில்தான் கொடுத்தார்கள்.

அதன் விளைவு, பட்டியல். மின்சவரக் கத்தி, மிக மெல்லிய பிளேடு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்யவியலாத வாக்குப்பதிவு எந்திரம், பத்தடி உயரப் பருத்திச் செடி, காலை பதினொரு மணிக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிக்கு முடித்த வீடு என்று அது நீளும். எல்லா இடங்களிலும் ஒரே வரிசையில், ஏறக்குறைய ஒரே சொற்களில் வரும். ஒவ்வொன்றுக்கும் முன் வேறு யார் என்ன செய்திருந்தார், இது எதில் வேறுபட்டது, எத்தனை விற்றது, யார் வடித்தார், யார் கடைந்தார் என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

பட்டியல்கள் எப்படிப் பயணம் செய்கின்றன என்பதற்கு ஒரு சிறு சான்று. நாயுடு 1935இல் இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் கையாலேயே படம்பிடித்தார் என்று பல குறிப்புகளில் காணலாம். மன்னர் இறந்தது 1936 ஜனவரி 20ஆம் நாள். அடக்கம் அம்மாதம் 28ஆம் நாள். 1935இல் நடந்தது அவருடைய வெள்ளிவிழா. நாயுடு படம்பிடித்தாரா என்பதில் எனக்கு ஐயமில்லை. கேமராவில் அவருக்கிருந்த ஈடுபாடு நன்கறியப்பட்டது. எனக்குக் கவலையளிப்பது, எந்தக் கலைக்களஞ்சியத்திலும் ஒரு நிமிடத்தில் சரிபார்க்கக்கூடிய ஆண்டைக்கூட நாம் சரிபார்க்காமல் கைமாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம் என்பதுதான். இதையே சரிபார்க்காதவர்கள் மற்றவற்றைச் சரிபார்த்திருப்பார்களா?

1937இன் மின்மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலேயே முதன்முதலில் செய்யப்பட்டது என்பர். அதில் நாயுடுவுடன் சேர்ந்து உழைத்தவர் டி.பாலசுந்தரம் நாயுடு; பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர். மேடைகளில் அவருடைய பெயர் அடிக்கடி விடுபட்டுப்போகிறது. ‘முதல்’ என்ற சொல்லை ஒருவர் தலையில் மட்டுமே வைக்க முடியும் என்பதால் நேரும் விபத்து இது. அந்த மோட்டார் கோவையில் ஏன் தோன்றியது, சேலத்திலோ திருச்சியிலோ ஏன் தோன்றவில்லை என்று கேட்டால் கதை விரிகிறது. 1888 முதல் நூற்பாலைகள், அவற்றின் பழுதுபார்ப்பில் தேர்ந்த கைகள், 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சி நிலையம், 1932இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய பைக்காரா, வானம் பார்த்த கரிசலில் ஆழக் கிணறு தோண்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த விவசாயி. மின்சாரம் வந்தது, கிணறு காத்திருந்தது, இடையில் மோட்டார் ஒன்று தேவைப்பட்டது. அந்தத் தேவைக்கு ஒரு நகரமே விடை கண்டது. நாயுடு அந்த நகரத்தின் மிகத் துடிப்பான மகன். ஒரே மகன் அல்லர்.

பிச்சாட்டூர்க் கடைத்தெருவில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று உண்டு. ஆரணியாற்றுப் பாசனத்தில் பயிரிடுவோர் புகைந்துபோன மோட்டாரை அங்கேதான் கொண்டுவருவர். காயில் கட்டும் பெரியவர் எந்தக் கல்லூரிக்கும் போனவரல்லர். சிறுவயதில் வேறொரு கடையில் கம்பி சுற்றப் பார்த்துப் பழகியவர். எந்த நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தாலும் அவருக்கு எல்லாம் ‘கோயம்புத்தூர் மோட்டார்’தான். வரலாற்றாசிரியர் பலரைவிட அவர் சொல்வது துல்லியமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்தவை வானொலியும் காரும். இவை இரண்டும் நாயுடு கதையின் சோகப் பகுதிக்கு உரியவை. 1941இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் தரமுடியும் என்று அறிவித்தார். 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய்க்குத் தரமுடியும் என்றார். அரசு உரிமம் தர மறுத்தது. ‘வெள்ளைக்காரனும் தடுத்தான், நம்மவனும் தடுத்தான்’ என்ற முடிவுரை இதிலிருந்து பிறக்கிறது. கேட்பவர் கண்ணீர் விடுவதற்கு இதுவே போதும்.

வானொலியின் உயிர் வால்வு. 1941இல் இந்தியாவில் வால்வு உற்பத்தி இல்லை. கடல் முழுதும் போர். அந்த நிலையில் 70 ரூபாய் என்பது பொருத்தும் பட்டறையின் கணக்காக இருக்கலாம். நாடெங்கும் பெருகி ஓடும் உற்பத்தியின் கணக்காக இருந்திருக்க முடியாது. ஒரு மாதிரியைச் செய்வதும் ஓர் இலட்சம் பெட்டிகளைச் செய்வதும் வெவ்வேறு தொழில்கள். இதைப் பேருந்துத் தொழிலில் மற்றெவரையும்விட நன்கறிந்தவர் நாயுடு. காரைப் பொறுத்தவரை, தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டம் 1951இல் இயற்றப்பட்டு 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. யார் எதை எவ்வளவு உற்பத்தி செய்யலாம் என்பதை அரசே வகுக்கத் தொடங்கிய காலம் அது. அடுத்த ஆண்டு சுங்கவரி ஆணையம், உள்நாட்டிலேயே உறுப்புகளைப் படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமுடைய நிறுவனங்கள் மட்டுமே நீடிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தம் பொருத்துகூடங்களை மூடிவிட்டு வெளியேறின. உலகின் இருபெரும் நிறுவனங்களே வெளியேறிய சட்டகத்துக்குள், கோவையின் ஒரு பட்டறைக்கு உரிமம் மறுக்கப்பட்டது என்பது தனிப்பட்ட பகை அன்று.

அதனால் அரசு சரி என்று நான் தீர்ப்பளிக்கவில்லை. அந்தச் சட்டகத்துக்குப் பட்டறையின் அறிவை அளக்கும் கருவியே இருக்கவில்லை. விண்ணப்பப் படிவம் மூலதனத்தைக் கேட்டது, வெளிநாட்டு ஒத்துழைப்பைக் கேட்டது. பிரித்துப் பூட்டக் கற்ற கையைப் பற்றி அதில் ஒரு கட்டமும் இல்லை. சிறு கார் கனவு பின்னர் 1970களில் மாருதி என்ற பெயரில் வேறொரு வாசல் வழியே உள்ளே வந்தபோது, உரிமம் எவ்வளவு எளிதாகக் கிடைத்தது என்பதும் வரலாறு. சட்டத்தின் குருட்டுத்தன்மையையும் திட்டத்தின் போதாமையையும் சேர்த்துச் சொல்லும் நூல் நாயுடுவைப் பற்றி இன்னும் எழுதப்படவில்லை.

இனி அந்தப் புகழ்பெற்ற உடைப்பு. வரிச்சுமையைக் கண்டித்து, மக்கள் கூடியிருந்த மேடையில் தம் பட்டறையில் உருவான கருவிகளை நாயுடு அடித்து நொறுக்கினார். வரி கடுமையானது என்பதில் ஐயமில்லை. போர்க்காலத்தில் 1940இல் வந்த மிகை ஆதாய வரி, மறு ஆண்டே மூன்றில் இரண்டு பங்காக உயர்த்தப்பட்டது. விடுதலைக்குச் சற்று முன் வருமான வரி விசாரணை ஆணையத்துக்கென 1947இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ஆனால் இவை நாயுடுவுக்கென்று வகுக்கப்பட்டவையல்ல. போர்க்காலத்தில் பொருளீட்டிய தொழிலதிபர் அனைவர்மீதும் விழுந்தவை. ஏனையோர் வழக்கறிஞரிடம் சென்றனர். நாயுடு சுத்தியலை எடுத்தார்.

இந்தக் காட்சியை நம் மேடைகள் வீரச்செயலாகவே பேசுகின்றன. எனக்கு அது எப்போதும் சங்கடம் தருவது. உடைக்கப்பட்ட ஒவ்வொரு கருவியிலும் அவருடைய எண்ணம் இருந்தது. அவருடைய தொழிலாளர் பலரின் நாள்களும் இருந்தன. ஒரு கடைசல்காரர் பல முறை அளந்து கடைந்த தண்டு ஒன்று அந்தக் குவியலில் கிடந்திருக்கும். அதை உடைக்கும் உரிமை தமக்கு மட்டுமே உண்டு என்று நாயுடு ஒரு கணமும் ஐயுறவில்லை. அதே மனிதர், தம் கண்டுபிடிப்பை நாட்டில் உற்பத்தி செய்ய முன்வருவோருக்கு உரிமையை விலையின்றித் தரத் தயாராக இருந்தார் என்றும் சொல்லப்படுகிறது. கொடுப்பதும் உடைப்பதும் ஒரே மனநிலையின் இரு முகங்கள் என்றே நான் கருதுகிறேன். இரண்டிலும் பொருள் அவருடையது. கொடுத்தால் வள்ளன்மை, உடைத்தால் சினம். பட்டறைக்கு எதிலும் சொல்லில்லை.

அவருடைய கனவுகளுள் காலத்தை மிகவும் முந்தியது எது என்று கேட்டால் கல்வியைத்தான் சொல்வேன். 1945இல் கோவையில் அவருடைய முயற்சியாலும் கொடையாலும் பொறியியல் கல்லூரி ஒன்றும் தொழில்நுட்பப் பயிலகம் ஒன்றும் தொடங்கின. அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. பொறியியலுக்கு நான்காண்டு தேவையில்லை, பட்டறையில் பழக்கினால் குறுகிய காலமே போதும் என்பது நாயுடுவின் உறுதி. அரசு ஏற்கவில்லை. அவர் விலகினார். கல்லூரி அரசின் கைக்குச் சென்று, பின்னர் தடாகம் சாலைக்கு இடம்பெயர்ந்து, இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. அவிநாசி சாலையில் கல்லூரி இல்லாத இடத்தில் ‘ஹோப் காலேஜ்’ என்ற பேருந்து நிறுத்தம் மட்டும் நிலைத்துவிட்டது.

இங்கும் இரு பக்கமும் பார்க்க வேண்டும். பட்டறையையும் வகுப்பறையையும் பிரித்த காலனியக் கல்வியின் குறையை நாயுடு சரியாகவே கண்டார். இன்று திருப்பதியிலும் சென்னையிலும் நான்காண்டு பொறியியல் படித்துவிட்டு மோட்டாரைத் திறந்து பாராத மாணவர்கள் எத்தனை பேர் என்று என்னுடன் படம் பார்த்த நால்வரும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அதே வேளையில், கற்றலைத் தம் வாழ்க்கையின் அச்சிலேயே வார்க்க முனைந்தார் அவர். தமக்குப் பள்ளி தேவைப்படவில்லை என்பதிலிருந்து எவர்க்கும் நெடிய படிப்பு தேவையில்லை என்பதற்கு அவர் தாவினார். வெப்ப இயக்கவியலைப் பார்த்துப் பழக முடியாது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழையும் ஒருவருக்குச் சான்றிதழின் சமூக எடை என்ன என்பதும் அவர் பார்வையில் படவில்லை. பேச்சுவார்த்தையில் பாதி வெற்றி கிடைத்திருக்கக்கூடிய இடத்தில் அவர் வெளியேறினார். பாதி வெற்றி என்பது அவருக்குப் பழக்கமில்லாத ஒன்று.

டேவிட் ஆர்னால்டின் ‘எவ்ரிடே டெக்னாலஜி’ (2013), தையல் எந்திரம், மிதிவண்டி, தட்டச்சு எந்திரம், அரிசி ஆலை ஆகியவை இந்தியரின் அன்றாடத்துக்குள் நுழைந்த விதத்தை ஆராய்ந்த நூல். மேதைகள் இல்லாமலே தொழில்நுட்ப வரலாறு எழுதலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. சரத் சாரியின் ‘ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்’ (2004), திருப்பூரில் தொழிலாளராக இருந்து முதலாளியானோர் தம் உழைப்பை எப்படிக் கதையாகச் சொல்லிக்கொள்கின்றனர் என்பதைக் காட்டுவது. இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துக்கொண்டு நாயுடுவை வாசிக்க வேண்டும் என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன். முன்னது அவரைச் சுற்றியிருந்த உலகத்தைத் தரும். பின்னது ‘தானே உழைத்து மேலே வந்தவர்’ என்ற கதைக்கு இருக்கும் அரசியலைத் தரும்.

நாயுடுவைப் பற்றி ஆவணப்படம் இல்லாமல் இல்லை. திரைப்படப் பிரிவின் தயாரிப்பில் கே.ரஞ்சித்குமார் இயக்கிய படம் 66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படமாகத் தேர்வாயிற்று. மறைந்துகொண்டிருக்கும் ஒரு வாழ்வைத் திரையில் பதித்ததற்காக அந்த இயக்குநருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். ஆயினும் அதன் தலைப்பிலேயே ‘இந்தியாவின் எடிசன்’ உண்டு. விடையைத் தலைப்பில் வைத்துவிட்டால் கேள்விக்கு இடம் குறுகிவிடுகிறது. மாதவன் நடிப்பில் முழுநீளப் படமும் உருவாகிறது. திரைக்கதைக்கு உடைப்புக் காட்சி கிடைத்துவிட்டது. கடைசல்காரருக்கு ஒரு வசனமாவது கிடைக்குமா என்று பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் பத்துக் கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலம் ஜி.டி.நாயுடுவின் பெயரால் திறக்கப்பட்டது. தெருக்களிலிருந்து சாதிப்பெயர்களை நீக்க அரசு முனைந்திருந்த அதே வேளையில் அந்தப் பெயர் வந்ததால் வாதம் எழுந்தது. வாதம் முழுவதும் பின்னொட்டைப் பற்றியே நடந்தது. எங்கள் எல்லைப்புறத்தில் அந்தப் பின்னொட்டுக்கு வேறொரு பயனும் உண்டு: தெலுங்கு பேசும் நண்பர்கள் அவரைத் தம்மவர் என்பர், தமிழ் பேசுவோர் தம்மவர் என்பர், இரு சாராரும் அவருடைய பேருந்தைப் பற்றிப் பேசுவதில்லை. அந்த மேம்பாலம் ஹோப் காலேஜ் நிறுத்தத்தின் தலைக்குமேல் செல்கிறது. மேலே கார்கள் நிற்காமல் பறக்கின்றன. கீழே மக்கள் இன்றும் பேருந்துக்குக் காத்திருக்கிறார்கள்.

அந்த மாணவிக்கு நான் இப்போது சொல்லும் விடை இது: எடிசன் என்பது பாராட்டாகத் தரப்பட்டது, குறையாகவும் பொருந்துகிறது, ஆனால் நாயுடு செய்தவற்றுள் சிறந்ததை அது தொடவே இல்லை. இந்தப் பதிவின் முதல் வடிவைப் படித்துவிட்டு, அவர் யு.எம்.எஸ். பேருந்துகளைப் பற்றித் தம் பருவத்தேர்வுக் கட்டுரை எழுத முடிவு செய்திருக்கிறார். கோடையில் கோவைக்குச் செல்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பாட்டனாரோ உறவினரோ அந்தப் பேருந்துகளில் ஓட்டுநராக, நடத்துநராக, பட்டறையில் பொருத்துநராக, கடைசல்காரராக இருந்திருந்தால், அவர்கள் விட்டுச்சென்ற ஓட்டுநர் உரிமம், சம்பளச் சீட்டு, பயணச்சீட்டுக் கட்டு, குழுவாக நின்று எடுத்த நிழற்படம் எதுவாயினும் எறிந்துவிடாதீர்கள். உட்பெட்டியில் எழுதுங்கள். நிழற்படத்தின் பின்புறம் பெயர்கள் எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தையும் படமெடுத்து அனுப்புங்கள்.